விற்காமல் போனதற்குக் காரணம், ஒரு வரியில்

டோக்கியோவிலிருந்து வந்த படிவத்தில்
அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு கோடு விட்டிருந்தார்கள்.
முதலில் ‘பேட்டரி’ என்று எழுதினேன்.
பிறகு அடித்தேன்.

ஹெய்செய் மூன்றாம் ஆண்டு, பிப்ரவரி.
அசாஹிகாவாவில் அன்று காலை
பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
ஐந்தாம் மாடி, பொம்மைப் பிரிவு.
என் இடப்பக்கம் வண்ணத் திரைக் கருவி.
உள்ளிருந்தே ஒளிரும்,
கடல் என்றால் கடலின் நீலம்.
வலப்பக்கம் சாம்பல் நிறத்தது.
ஊறவைத்த பயறு போல ஒரு பச்சை,
அதற்குள் ஓடுகிற ஆள்
தன் நிழலையே தேய்த்துக்கொண்டு ஓடுவான்.
விளக்கடிக்குப் போனால்தான் அதுவும் தெரியும்.

பள்ளி விட்டதும் பையன்கள் வருவார்கள்.
பூட்ஸில் ஒட்டிய பனி தரையெல்லாம் உருகும்.
கூட்டம் முழுக்க இடப்பக்கம்தான்,
வாய் பிளந்தபடி, ஒருவன் தோளில் இன்னொருவன் தாடை.
காசை எடுக்கும்போது மட்டும்
கை வலப்பக்கம் போகும்.

பிரிவுத் தலைவர் ஊபுகாதா விலையைக் குறைத்தார்.
ஒரு விளையாட்டை இலவசமாகச் சேர்த்தார்.
கடைசியில் பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கச் சொன்னார்.
அடுக்கினேன்.
கோபுரத்தின் முன் நின்றவர்கள்
கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்.

ஒரு தாய் வந்தாள், மணிக்கட்டில் மீன் செதில் ஒன்று மின்ன.
ஆறு பேட்டரி எத்தனை நேரம் வரும்?
மூன்று மணி நேரம் என்றேன்.
பொய் சொல்லியிருக்கலாம்.
அதற்கு?
நாலு போதும். பத்து மணி நேரத்துக்கு மேலேயே ஓடும்.
உதடு அசையாமல் கணக்குப் போட்டாள்.
யானை வாங்குவது பெரிதில்லை,
தீனி போட வேண்டுமே.

அதனால்தான் பேட்டரி என்று எழுதினேன்.

ஆனால் ரின்டாரோ?
பல் மருத்துவர் வீட்டுப் பையன்.
அந்த வீட்டில் பேட்டரி மேஜை அறையில் உருண்டுகொண்டிருக்கும்.
புத்தாண்டுப் பணத்தில் வண்ணக் கருவி வாங்கியவன்,
ஒரு மாதம் கழித்துப் பெட்டியோடு வந்து நின்றான்.
மாற்றித் தருவீர்களா?
உடைந்துவிட்டதா?
இல்லை.
அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான்.
இங்கே ஒயர் செருக இடம் இருக்கிறது, அக்கா,
அந்தப் பக்கம் செருகத்தான் யாரும் இல்லை.
வகுப்பில் பதினோரு பேரிடம் சாம்பல்.

ஏழு நாளைக்குள் என்றால் மாற்றலாம்.
விதியைச் சொன்னேன்.
குனிந்து வணங்கிவிட்டுப் போனான்,
எனக்கு அது பிடிக்கவில்லை.

மாடிப்படி ஓரத்து ஜன்னலடியில்
இரண்டு பையன்கள், நடுவில் ஒரு ஒயர்.
வெளிச்சம் போதாமல் திரைகளைப் பனிக்கு நேரே சாய்த்து,
தலையோடு தலை முட்டி,
டேய், திருடாதே, திருடாதே என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.
ரின்டாரோ மூன்றாவதாக உட்கார்ந்தான்.
அணைக்க மறந்திருந்தான் போல,
அவன் கோட்டுப் பை
உள்ளேயிருந்து நீலமாக ஒளிர்ந்தது.

ஒரு கோட்டில் இதை எப்படி எழுதுவது.
விற்றது ஒவ்வொன்றும்
தனக்கு ஜோடி தேடி இன்னொன்றை விற்றது என்றா?
எங்கள் கோபுரத்தில் எல்லாமே
முதல் ஆளாக இருக்கச் சொல்லிக் கேட்டன,
முதல் ஆளாக இருக்க
பத்து வயதில் யாருக்கு மனம் வரும் என்றா?

மறுபடி ‘பேட்டரி’ என்றே எழுதினேன்.
ஊபுகாதா படிக்காமல் முத்திரை குத்தினார்.

முப்பத்தெட்டுப் பெட்டிகள் லாரி ஏறின.
காட்சிக்கு வைத்தது மட்டும் பட்டியலில் இல்லை.
அது சுவரிலிருந்து மின்சாரம் குடித்து வளர்ந்தது,
ஒருநாளும் பசி அறியாதது.
கடை அடைக்கும் பாட்டு முடிந்த பிறகு
பிளக்கைப் பிடுங்கினேன்.
கடல் உடனே போய்விடவில்லை.